கூரையைத் தொடாத சுவரும் ஒரு பாஸ்வேர்டும்

என் டயரியில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று வரிகள்தான் இருக்கின்றன. காலை ஆறு மணிக்குப் பனிமூட்டம், எதிர்மலை தெரியவில்லை. அக்கரப்பத்தனைக்குப் போகும் பஸ் பதினெட்டு நிமிடம் தாமதம். மாலை ஐந்து நாற்பதுக்கு ரவுட்டரில் டேட்டா தீர்ந்தது.

மூன்றாவது வரியை எழுதியபோது மாதம் பிறந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. முப்பது நாளுக்கென்று போட்ட டேட்டா அது. வீட்டில் நானும் மனைவியும் இரண்டே பேர். நான் பகல் முழுவதும் கடைவீதி நூலகத்தில் இருப்பவன். இரவல் போகும் புத்தகங்களில் திருப்பித் தரவேண்டிய தேதியை அடித்துக் கொடுப்பது என் வேலை. மனைவி தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். ஆள் இல்லாத வீட்டில் இவ்வளவையும் யார் தின்றார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு நான் என்னாங்க செய்றது?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். தாழ்த்தக் காரணம் இருந்தது.

இரண்டு வருடமாக அவள் முன்பள்ளி ஆசிரியர்களுக்கான டிப்ளோமா படித்துவந்தாள். எழுத்துப் பரீட்சைகளை எல்லாம் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது நேர்முகப் பரீட்சை ஒன்றுதான். அதை வீடியோவில் நடத்துகிறார்கள். முதல் தடவை போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் மலை மடிப்புக்குள் இருப்பதால் போனுக்கு வாசலில் ஒரு கோடு சிக்னல். உள்ளே வந்தால் அதுவும் இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிட்டது. இன்னும் ஒரேயொரு தடவை தருவோம், அதுவும் தவறினால் அடுத்த வருடப் பிரிவோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்த டிப்ளோமா கையில் இருந்தால்தான் முன்பள்ளியில் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். ரவுட்டர் வாங்கியதே அதற்காகத்தான். எதிர்மலைக் கோபுரத்தைப் பார்த்தபடி ஜன்னல் கம்பியில் அதைக் கயிற்றால் கட்டி வைத்தேன். அங்கே மட்டும்தான் படம் நிற்காமல் ஓடுகிற அளவுக்குச் சிக்னல் வந்தது.

முதல் தடவை தவறியபோது லயமே ஒரு வாரம் அவளுக்கு ஆறுதல் சொன்னது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் ஆறுதல், கடையில் மாவு வாங்கப் போனால் ஆறுதல். "இந்தத் தடவ ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, சொல்லிட்டேன்" என்று என்னிடம் உறுதி வாங்கியிருந்தாள்.

லயத்தில் அப்படி ஓர் உறுதியைக் கொடுப்பது சுலபம், காப்பாற்றுவது கஷ்டம். எங்களுடையது பழைய லயம்: பன்னிரண்டு காம்பரா, ஒரே தகரக் கூரை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சாண் போய் நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள இடம் பன்னிரண்டு குடும்பத்துக்கும் பொது. புகை போகும், கருவாட்டு வாசம் போகும், பேச்சு போகும். எங்களுடையது மூன்றாவது காம்பரா. நாலாவது காம்பராவில் இருக்கும் அக்கா கொழுந்து எடுப்பவர். அவர் தும்மினால் நான் இங்கிருந்து "நூறு வயசு" என்பேன். வைஃபையும் அந்த வழியாகத்தான் போனது.

அது பூட்டில்லாமல் போன கதையைச் சொல்ல வேண்டும். ரவுட்டர் வந்த புதிதில் பூட்டு இருந்தது. அடியில் ஒட்டியிருந்த சீட்டில் எண்களால் ஆன ஒரு பெயர், பதின்மூன்று எழுத்தில் ஒரு பாஸ்வேர்ட். அந்த மாதம் நாலாம் காம்பரா அக்காவின் மகள் குவைத்துக்கு வேலைக்குப் புறப்பட்டாள். வழியனுப்பப் பொகவந்தலாவையிலிருந்தும் வலப்பனையிலிருந்தும் சொந்தங்கள் வந்து மூன்று நாள் தங்கினார்கள். வந்தவர்களும் லயத்து ஆட்களும் ஒவ்வொருவராக எங்கள் வாசலில் நின்று பாஸ்வேர்ட் கேட்டார்கள். நான் ரவுட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெரிய எழுத்து எது சின்ன எழுத்து எது என்று விளக்கி, பதினேழு தடவை வாசித்தேன். பதினேழு என்பது டயரியில் இருக்கிறது.

பதினெட்டாவது ஆளாக வந்தவர் அக்காவின் தம்பி. ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். என் நிலைமையைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"எதுக்குண்ணே இந்தக் கஷ்டம்? தெறந்து விட்டுருவோம். பேரையும் மாத்திருவோம். இனி ஒருத்தரும் ஒங்கள கேக்க மாட்டாங்க."

ரவுட்டருக்குள் போய், பாதுகாப்பு என்ற இடத்தில் 'திறந்தது' என்பதைத் தெரிவு செய்தார். பெயரை 'வணக்கம்' என்று மாற்றினார். அவர் சொன்னது பலித்தது. அதற்குப் பிறகு ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

நூலகத்துக்கு வரும் கணினி இதழ் ஒன்றில் பிறகுதான் படித்தேன், அப்படித் திறந்து விடுவது எவ்வளவு தவறு என்று. டேட்டா தீர்வது மட்டுமல்ல. குறியாக்கம் இல்லாத வைஃபையில் போவதெல்லாம் எங்கள் சுவருக்கு மேல் பேசுவது மாதிரி. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். குறியாக்கம் போட்டால் சத்தம் இருப்பது தெரியும், பேச்சு புரியாது. படித்துவிட்டு மாற்றாமலே இருந்தேன். எப்படி மாற்றுவது? எங்கள் லயத்துப் பீலியில் ஒரு குடம் தண்ணீர் இல்லை என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. வாய்விட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

இப்போது வேறு வழியில்லை. புதன்கிழமை மாலை புதிதாக டேட்டா போட்டேன். பிறகு போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, 'திறந்தது' என்பதை எடுத்துவிட்டு, பாஸ்வேர்ட் கேட்கும் வகைக்கு மாற்றினேன். குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்றது. நாள் இரண்டு, மாதம் இரண்டு, ஆண்டு நான்கு, கூட்டினால் எட்டு. எங்கள் கல்யாணத் தேதியைப் போட்டேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. மனைவியிடம் காட்டியபோது அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் கொஞ்சம் சந்தேகமும் சேர்ந்து தெரிந்தன. சந்தேகத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மாலை ஆறேகாலுக்குச் சுவருக்கு மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, வைஃபைக்குப் பூட்டு போட்டுட்டீங்களா?"

"ஆமாங்க அக்கா. அது... ரவுட்டர்ல ஒரு கோளாறு. அதான்."

"போடுங்க, போடுங்க. நல்லதுதான். நம்ம ஏழாம் காம்பரா ஆட்டோக்கார தம்பி வந்து ஒங்க கல்யாணம் என்னைக்குன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

"எதுக்குக் கேட்டாரு?"

"அப்ப எனக்கும் தெரியல. இப்ப ஏழாம் காம்பராவுல கிரிக்கெட் ஓடுது, கேக்குதா?"

காது கொடுத்தேன். கேட்டது.

"எப்படிங்க அக்கா சரியா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"ஞாபகமா? வருசா வருசம் கேசரிய கையில குடுத்துட்டு, அன்னைக்கு என்னா கெழம, எத்தன மணிக்கு மழ வந்துச்சு, மாப்பிள்ள வந்த வேன் எங்க நின்னுச்சுன்னு ஒப்பிக்கிறீங்களே. கேசரி திங்கிற வரைக்கும் கேட்டுத்தானே ஆகணும்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தேதி எதுவும் லயத்துக்குத் தெரியாமல் இல்லை. கரண்ட் வந்த நாள், மண் சரிந்து பாதை மூடிய நாள், யாருக்கு எப்போது பிள்ளை பிறந்தது எல்லாவற்றையும் நானே கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே தேதியைக் கைவிட்டேன். வெள்ளிக்கிழமை நூலகத்தில் ஒரு சீட்டை எடுத்து, எந்தச் சொல்லும் ஆகாத பதினான்கு எழுத்தையும் எண்ணையும் குறியையும் கலந்து எழுதினேன். அதை யாராலும் யூகிக்க முடியாது. மாலையில் ரவுட்டரில் அதைப் போட்டு, முதலில் என் போனை இணைத்தேன். பிறகு மனைவி மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். கண்டியில் வாங்கிய பழைய கணினி, தட்டுவதற்கு நிதானம் வேண்டும்.

"சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பெரிய எழுத்து கே. ஏழு. சின்ன எழுத்து எம். ஆச்சரியக்குறி. பதினான்கையும் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, ஒருதடவை திரும்பவும். பழைய பதினேழு தடவையில் வந்த பழக்கம்.

சனிக்கிழமை காலை ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருப்பவர்கள் பட்டியலைப் பார்த்தேன். எங்களுடையவை இரண்டு. மற்றவை நான்கு. பட்டியலைப் பார்த்தபடி நின்றபோது சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏழுக்குப் பொறகு எம்மு. சின்ன எம்மு. நேத்து தம்பி எம்புட்டு அழகா சொல்லிக் குடுத்துச்சு, நீ எங்க போயிருந்த?"

அக்காவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகள் குவைத்திலிருந்து அந்த வைஃபையில்தான் பேசுகிறாள். போன மாதம் ஒருநாள் மகளின் முகத்தைப் பார்த்து "மெலிஞ்சிட்டியே" என்று அக்கா சொன்னது இந்தப் பக்கம் கேட்டது. அன்று எங்கள் வீட்டில் ரேடியோவை நாங்களாகவே நிறுத்தினோம். ஆனால் அக்கா பேசும்போது ஏழாம் காம்பராவில் கிரிக்கெட்டும் ஒன்பதில் நாடகமும் ஓடினால், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் மனைவியின் படம் மறுபடி உறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆள் எல்லாம் வீட்டில்தான் இருக்கும்.

"பேசாம இருங்க" என்றாள் மனைவி அன்று மாலை. "இந்தத் தடவ வாயே தெறக்காதீங்க."

திறக்கவில்லை. புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, மேசையில் வைத்து, விரலால் காட்டினேன். ரவுட்டரின் பக்கத்தில் பாதுகாப்பு வகைகள் ஒரு வரிசையாக இருந்தன. டபிள்யூ பி ஏ டூ என்று ஒன்று, அதற்குக் கீழே டபிள்யூ பி ஏ த்ரீ. இதுவரை இருந்தது டூ. இரண்டைவிட மூன்று பெரியது; பத்திரிகையிலும் அதுவே புதியது, பலமானது என்று படித்திருந்தேன். த்ரீயைப் போட்டேன். என் போன் உடனே இணைந்தது. பட்டியலில் ஒரே பெயர், என்னுடையது. "இணைப்பு: ஒன்று. குறியாக்கம் பூர்த்தி" என்று டயரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். மடிக்கணினியை அன்று மாலை ஒருவரும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு நாற்பதுக்கு அவள் திறந்தாள். அரக்குச் சேலை கட்டி, தலை பின்னி, மேசைக்குப் பின்னால் வெள்ளை விரிப்பு ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தாள். தாளைப் பார்த்துப் பாஸ்வேர்டைத் தட்டினாள். இணைக்க முடியவில்லை என்றது கணினி. மறுபடி தட்டினாள். மறுபடி அதே பதில். நான் தட்டினேன். எனக்கும் அதே பதில்.

மணி எட்டு ஐம்பத்தைந்து. பாஸ்வேர்டைத்தான் எங்கேயோ தவறாகப் பதித்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். என் போன் இணைந்திருந்ததே என்ற யோசனை அப்போது வரவில்லை. ஒரு மனிதன் பதறும்போது எதிரில் இருப்பதே தெரியாது. ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதை அழுத்தினால் எல்லாம் புதிதாகிவிடும் என்று எங்கோ படித்த ஞாபகம். அவள் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கேட்டேன்.

"சேல நிக்காதுங்க."

"இன்னொண்ணு குத்திக்க. சீக்கிரம்."

ஊக்கை நிமிர்த்தி, துளைக்குள் விட்டு, பத்து எண்ணும்வரை அழுத்தினேன். விளக்குகள் எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தன. அதன் பிறகுதான் வாசலுக்குப் போய், ஒரு கோடு சிக்னலில் ஹட்டன் தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, த்ரீயா போட்டீங்க?"

"ஆமா."

"அந்த லேப்டாப் பழசுண்ணே. அதுக்கு த்ரீ தெரியாது. டூவுக்கு மாத்தியிருந்தா ரெண்டு நிமிச வேல. ஒங்க போன்லயே செஞ்சிருக்கலாம்."

"ஊக்க விட்டு அழுத்திட்டேனே."

"விட்டுட்டீங்களா. சரி. இப்ப அடியில ஒட்டியிருக்கிற பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு எல்லாம் வந்திருக்கும். அதுலயே போங்க."

உள்ளே ஓடினேன். அவர் சொன்னது சரி. 'வணக்கம்' போய், எண்களால் ஆன பழைய பெயர் வந்திருந்தது. ரவுட்டருக்குக் கோபுரத்தைக் கண்டுபிடிக்கப் பதினாறு நிமிடம் பிடித்தது. ஒன்பது முப்பத்தொன்றுக்கு மடிக்கணினி இணைந்தது. பழைய பாஸ்வேர்டை அது மறக்கவில்லை. கேட்காமலே உள்ளே போனது.

மறக்காதது அது மட்டுமல்ல. நான் பதினேழு தடவை வாசித்துக் கொடுத்த பாஸ்வேர்ட் அது. லயத்துப் போன்கள் எல்லாம் அதைச் சேமித்து வைத்திருந்தன. பழைய பெயரைக் கண்டதும் ஒவ்வொன்றாகத் தாமே வந்து ஒட்டிக்கொண்டன. பட்டியலில் மூன்று, ஐந்து, எட்டு என்று ஏறியது. மனைவி ஒத்திகைக்காக வீடியோவைத் திறந்தாள். திரையில் அவள் கை ஒரு விநாடி அசைந்தது, பிறகு பாதி உயர்ந்தபடி நின்றுவிட்டது. முதல் தடவை நின்ற அதே மாதிரி.

"டூவுக்கு மாத்திருறேன். புதுப் பாஸ்வேர்டு போட்டுருறேன்" என்றேன்.

"தொடாதீங்க" என்றாள். "மாத்துனா திரும்ப அணைஞ்சு எரியும். திரும்பப் பதினாறு நிமிசம். மணி ஒம்பது நாப்பத்தி ரெண்டு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கை நின்றுபோன படத்தைப் பார்த்தபடி இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு அதன் மேல் ஏறி நின்று, சுவருக்கு மேலே முகத்தை நீட்டினாள். நான் செய்யக் கூச்சப்பட்டதை, ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று சொன்னவளே செய்தாள்.

"அக்கா. எனக்குப் பத்து மணிக்குப் பரீட்ச. ஒரு அர மணித்தியாலத்துக்கு எல்லாரும் வைஃபைய நிப்பாட்டுவீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்டது.

"பரீட்ச இருக்குன்னு தெரியும் டீச்சர். வாரம் பூராவும் படிக்கிறது கேக்குதே. இன்னைக்குக் காலைல யாரும் போடக்கூடாதுன்னு நேத்தே பேசி வச்சாச்சு."

"இப்ப எட்டு போன் ஏறியிருக்குங்க அக்கா."

"எட்டா? நாங்க ஒருத்தரும் கை வைக்கலயே."

"அது தானா வந்து ஒட்டியிருக்குங்க அக்கா" என்றேன் நான் கீழேயிருந்து. "தப்பு என்னுதுதான்."

"சரி, ஒங்க தப்ப பொறகு பாப்போம். எத்தனன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா. அடுத்த நிமிடம் அவர் குரல் மாறிவிட்டது. இருபத்தைந்து வருடமாகக் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிடுவதைக் கேட்டவர். அதே ராகத்தில் கூரைக்குக் கீழே கூப்பிட்டார்.

"அஞ்சு?"

"அணைச்சாச்சு."

"ஆறு?"

"ரெண்டும் அணைச்சாச்சு அக்கா."

"ஏழு? ஏ ஆட்டோக்காரத் தம்பி, ஏழு?"

"தேடிக்கிட்டு இருக்கேன் அக்கா. சார்ஜுல போட்டேன், காணோம்."

"கல்யாண தேதி தேடத் தெரிஞ்சுச்சு, போன் தேடத் தெரியலயா?"

லயம் முழுவதும் சிரித்தது. நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு. ஐந்து. நான்கு. ஒன்பதாம் காம்பராவிலிருந்து "சரி" என்று சத்தம் வந்தது, மூன்று. ஆட்டோக்காரரின் போன் தலையணைக்கு அடியில் கிடைத்தது, இரண்டு. அக்காவின் போன் எப்போது போனது என்று பார்க்கவில்லை. கூப்பிடத் தொடங்குவதற்கு முன்பே அவர் தன்னுடையதை அணைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி அவர் மகள் கூப்பிடும் நேரம்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க அக்கா."

"யாரு அது? பன்னெண்டு காம்பராவும் சொல்லியாச்சு. மூணைத் தவிர."

மனைவி மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த என்னுடைய போன்தான் அது.

அணைத்தேன். திரையில் அவள் கை சிக்கலின்றி மேலே போய்க் கீழே இறங்கியது. மணி ஒன்பது ஐம்பத்து மூன்று.

நான் வெளியே வாசற்படியில் உட்கார்ந்தேன். பத்து மணி இரண்டு நிமிடத்துக்குப் பரீட்சகரின் குரல் கேட்டது. நிதானமாகப் பேசும் ஓர் அம்மா. முதலில் கணினியைச் சுற்றித் திருப்பி அறையைக் காட்டச் சொன்னார்.

"அறையில் வேறு யாரும் இல்லையே?"

"இல்லை மேடம்" என்றாள் என் மனைவி. அது உண்மைதான். அறையில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் நான் அதுவரை கேட்டிராத ஓர் அமைதி. ஆறாம் காம்பராவில் குக்கர் ஒரு விசில் அடிக்கத் தொடங்கி, பாதியில் அடங்கியது. யாரோ ஓடிப்போய் இறக்கியிருக்கிறார்கள். நாய் ஒன்று குரைக்கப் பார்த்தது, அதற்கு ஏதோ சாப்பிடக் கிடைத்தது. பரீட்சகர் கேட்டார்: முதல் நாள் வந்து அழும் பிள்ளையை என்ன செய்வீர்கள்? என் மனைவி சொன்னாள், அழாதே என்று சொல்ல மாட்டேன், அம்மாவின் கொழுந்துக் கூடை மாதிரி ஒரு சின்னக் கூடையைப் பிள்ளையை விட்டே ஒரு பொம்மைக்கு மாட்டச் சொல்வேன். அம்மா மலைக்குப் போய்த் திரும்பி வருவது ஒரு விளையாட்டாக ஆகிவிடும், ஒரு வாரத்தில் அழுகை நின்றுவிடும். பரீட்சகர் கொஞ்சம் சிரித்தார். "அதை எங்கே படித்தீர்கள்?" என்றார். "படிக்கவில்லை மேடம். என் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளின் அம்மாவும் மலைக்குத்தான் போகிறார்கள்."

இருபத்திரண்டு நிமிடம் நடந்தது. படம் ஒரு தடவையும் நிற்கவில்லை. கணினி மூடும் சத்தம் கேட்டதும் நான் எழுந்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"நல்லா சொன்னீங்க டீச்சர். அந்த மூணாவது கேள்விக்குத்தான் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சுங்க அக்கா" என்றாள் என் மனைவி. ஆறுதல் சொல்லவில்லை யாரும். ஏழாம் காம்பராவிலிருந்து, கூடைப் பதில்தான் தனக்குப் பிடித்தது என்று கருத்து வந்தது. ஒன்பதில் அதை மறுத்து, சத்துணவைப் பற்றிச் சொன்னதே சிறந்தது என்றார்கள். பத்தேமுக்காலுக்கு அக்காவின் போன் மணி அடித்தது. அன்று மகளிடம் அக்கா முதலில் சொன்ன செய்தி எங்கள் வீட்டுச் செய்திதான்.

பெறுபேறு பதினெட்டாம் நாள் வந்தது, வியாழக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு. சித்தி. பாஸாகிவிட்டாள். அவள் அதை எனக்கு மட்டும் மெதுவாகத்தான் வாசித்தாள். எட்டு நிமிடத்தில் ஆறாம் காம்பராவிலிருந்து ஒரு தட்டு வடை வந்தது.

ஆனால் ரவுட்டரின் விஷயம் அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலேயே முடிந்துவிட்டது. ஹட்டன் தம்பியிடம் போனில் கேட்டுக் கேட்டு மனைவியே உட்கார்ந்து செய்தாள். ஒரே ரவுட்டரில் இரண்டு வைஃபை வைக்கலாமாம். ஒன்று விருந்தினருக்கு. அதற்கு 'வணக்கம்' என்ற பெயரைத் திரும்ப வைத்து, அதிலும் குறியாக்கம் போட்டு, பாஸ்வேர்டை நாற்காலியில் ஏறி நின்று சுவருக்கு மேல் அவளே சத்தமாகச் சொன்னாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அதற்கு ஓர் அளவும் வைத்தாள். மாலை ஏழு முதல் எட்டு வரை அது அக்காவின் மகளுக்கு என்று லயமே ஒதுக்கிவிட்டது. அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் கிரிக்கெட்டை ரேடியோவில் கேட்கிறார்.

மற்றது எங்களுக்கு. டபிள்யூ பி ஏ டூ. பாஸ்வேர்டு இருபது எழுத்துக்கு மேல் என்று மட்டும் தெரியும், தட்டும்போது எண்ணினேன். வாயால் சொல்லவில்லை, தாளில் எழுதவில்லை. என் போனை வாங்கி, திருப்பிப் பிடித்துக்கொண்டு, அவளே தட்டித் திரும்பத் தந்தாள். ரவுட்டரின் பக்கத்துக்குள் போகும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள். அங்கே போய்ப் பார்க்கவும் வழி இல்லை.

"எனக்குமா?" என்று கேட்டேன்.

"நீங்க டயரியில எழுதுவீங்க. பொறகு கேசரி குடுக்கும்போது சொல்லுவீங்க."

அன்றைய டயரியில் இருபத்திரண்டு நிமிடமும், பதினாறு நிமிடமும், எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கிய எண்ணிக்கையும் உண்டு. பாஸ்வேர்ட் என்று எழுதி, அதற்கு எதிரில் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறேன். அது இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது.